அப்பாவுக்கு விழுந்த அறையும் உங்களுக்குக் கிடைக்காத அறையும்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள். கிளிநொச்சியில் பிறந்து, தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்து, சிங்களச் சிநேகிதிகளோடு ஒரே அறையில் இருந்தவர் நீங்கள். உங்கள் அப்பா இளவயதில் வவுனியாவில் நின்ற காலத்தில், ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையின் கிளிநொச்சி முகவரிக்காக பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, எல்லாரும் பார்க்கக் கன்னத்தில் அறை வாங்கியவர். "அவங்கள் எல்லாரும் ஒண்டுதான்" என்பது அவருடைய முடிவு. அதோடு சண்டை போட்டே வளர்ந்திருக்கிறீர்கள். போன மாதம் கொழும்பில் வாடகைக்கு அறை பார்க்கப் போனபோது, வாடகை, தண்ணீர் பில் எல்லாம் பேசி முடிந்த பிறகு, வீட்டுக்கார அம்மா உங்கள் அடையாள அட்டையை வாங்கி முகவரியைப் பார்த்துவிட்டு, "மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அன்று இரவு அப்பாவின் அதே வசனம் உங்கள் வாயிலேயே வந்துவிட்டது. "நான் அப்பா மாதிரி ஆகிவிட்டேனா, இல்லை அப்பா சொன்னதுதான் சரியா?" என்று கேட்கிறீர்கள். இதன் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: தனக்கு நேர்ந்ததை வைத்துச் சமூகத்தை அளப்பது அறிவா, அதுவும் ஒருவகை இனத்துவேஷம்தானா? நான் பதில் சொல்ல முயல்வது அதற்குத்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும், அதாவது வன்னியில், இருபது வருடத்துக்கு மேலாக உளவளத்துணை வேலை செய்கிறேன். மனநல வைத்தியன் அல்ல. என்னிடம் வருகிறவர்கள் வலியோடு வருகிறவர்கள், ஆறிப்போனவர்கள் எதற்கு என்னைத் தேடி வரப்போகிறார்கள்? ஆகவே "வன்னிச் சனம் இப்படித்தான்" என்று நான் எங்காவது சொன்னால் அதில் பாதியைக் கழித்துவிடுங்கள். அப்புறம், நான் வன்னியில் பிறந்தவனும் அல்ல. மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு ஆறு வயதில் இங்கே வந்தவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இனத்தவரோடு பழகினால் துவேஷம் குறையும் என்பதை 1954இல் கோர்டன் ஓல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் நிபந்தனைகளோடு சொன்னார். இருவரும் சமநிலையில் நிற்க வேண்டும், ஒரே வேலைக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும் என்றார். 2006இல் பெட்டிகுரூ, ட்ரொப் என்ற இருவர் 515 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது, பழக்கம் துவேஷத்தைக் குறைக்கிறது என்பது உறுதியானது. குறைப்பது பெரிய அளவில் அல்ல, ஆனால் பெரும்பாலும் எல்லா இடத்திலும் குறைக்கிறது. சரி, அப்படியென்றால் உங்கள் நாலு வருடப் பழக்கம் ஓர் அரை மணி நேரத்தில் எங்கே போனது? அதற்கும் பதில் உண்டு. 2012இல் வெளியான, அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வுகளில், நல்ல சந்திப்பு துவேஷத்தைக் குறைப்பதைவிடக் கெட்ட சந்திப்பு அதை அதிகமாகக் கூட்டுகிறது என்று கண்டார்கள்.

ஏன் என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் எனக்கு வேலையில் தினமும் தெரிவது. நல்லது நடக்கும்போது எதிரே நிற்பவரின் இனம் மறந்துபோகும், கெட்டது நடக்கும்போது இனம்தான் முதலில் தெரியும். நீங்கள் எழுதியதையே திரும்ப வாசித்துப் பாருங்கள். உங்களோடு அறையில் இருந்த மூன்று பேரையும் பெயர் சொல்லித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தி உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்ததுகூட இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவை மட்டும் "ஒரு சிங்கள அம்மா" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூவரும் உங்கள் மனக்கணக்கில் சிங்களவர் என்ற பக்கத்தில் பதியப்படவே இல்லை, அவர்கள் சிநேகிதிகள். அறை மறுத்தவர் மட்டும் அந்தப் பக்கத்தில் தனியாக நிற்கிறார். கலவரத்தில் அடைக்கலம் தந்த சிங்கள அயலவர் கதை இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது "அந்தாள் ஒரு விதிவிலக்கு" என்று வரும். அடித்தவனை யாரும் விதிவிலக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த ஆய்வுகளை அப்படியே வன்னிக்குக் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 2018 ஜூனில் விசுவமடுவில் நடந்தது நினைவிருக்கும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பதிகாரி ஒருவர், இராணுவத்தவர், இடமாற்றம் பெற்றுப் போனார். அவரிடம் வேலை பார்த்த எங்கள் சனம், முன்னாள் போராளிகள் உட்பட, மாலை போட்டு அழுது வழியனுப்பியது. அந்தப் படங்கள் வெளிவந்ததும் ஒரு பக்கம் "பாருங்கள், நல்லிணக்கம்" என்றது, மறுபக்கம் "வெட்கம்" என்றது. இரண்டும் அவசரம் என்றுதான் அன்றும் நினைத்தேன். அந்த அழுகை உண்மை. சம்பளம் தந்த, பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு மனிதனுக்காக அழுதார்கள். ஆனால் வேலை தருகிறவரும் வேலை செய்கிறவரும் நிற்கும் இடம் சமநிலை அல்ல. அந்த அன்பு அவரோடு நின்றதா, அவர் போட்டிருந்த சீருடைக்கும் பரவியதா? அங்கே வேலை செய்த ஒரு பெண்ணிடம் பிறகொருநாள் கேட்டேன். "சேர் வேற, ஆமி வேற" என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது, அனுபவம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு சிக்கல். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் மொன்றியல் நகரில் ஹெயிட்டியிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறிய பெண்களிடம் விசாரித்தபோது, "எங்கள் இனத்துக்குப் பாரபட்சம் காட்டுகிறார்கள்" என்று சொன்ன அளவுக்கு "எனக்குக் காட்டினார்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. வன்னியிலும் இதையேதான் கேட்கிறேன். ஒருமுறை முல்லைத்தீவில் ஓர் அம்மா, "எனக்கெண்டு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை சேர், எங்கட சனத்துக்குத்தான்" என்று தொடங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து, வேறு ஏதோ பேச்சில், காணித் தகராறு ஒன்றுக்கு பொலிஸில் முறைப்பாடு கொடுத்ததைச் சொன்னார். அவர் தமிழில் சொல்ல, எழுதியவர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். "என்ன எழுதியிருந்தது?" என்றேன். "ஆருக்குத் தெரியும்" என்று சிரித்தார். தன் முறைப்பாட்டைத் தானே வாசிக்க முடியாமல் கையெழுத்து வைத்தது அவர் கணக்கில் ஓர் அனுபவமாகவே ஏறவில்லை, அது வழமை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் தமிழ் தெரிந்த அலுவலர் இருக்க வேண்டும் என்று 2011இல், போருக்குப் பிறகு அரசாங்கம் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே எழுதி வைத்தது. இவை எல்லாம் இருக்க, அந்த அம்மா சிரிக்கிறார். சமூகத்தைப் பற்றிய ஒருவரின் பார்வையை உருவாக்குவது கன்னத்தில் விழுந்த அறைதான் என்று நாம் நினைக்கிறோம். இப்படிச் சிரித்துக் கடந்துபோனவை அதைவிடக் கூடுதலாக உருவாக்கியிருக்கும் என்பது என் சந்தேகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் அறைக்கு வருவோம். அந்த அம்மா மறுத்தது நீங்கள் தமிழ் என்பதாலா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மகன் உண்மையிலேயே வேண்டாம் என்றிருக்கலாம். கூடுதல் வாடகை தருகிற ஆள் வந்திருக்கலாம். கிளிநொச்சி என்று கண்டதும் பொலிஸ் பதிவு, விசாரணை என்று பயந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதும் இனத்தோடு சம்பந்தப்பட்டதுதான், ஆனால் வெறுப்பு அல்ல. இப்படித் தெரியாமல் விடப்படுவதே தனி ஒரு களைப்பு. பெரும்பான்மையைச் சேர்ந்த பெண்ணுக்கு அறை கிடைக்காவிட்டால் அவள் அடுத்த அறையைத் தேடுவாள். நீங்கள் அடுத்த அறையையும் தேடி, போன அறை ஏன் கிடைக்கவில்லை என்றும் இரவு முழுக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. சந்தேகப்பட்டதற்காக உங்களை நீங்களே துவேஷி என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை எழுப்பி பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த பஸ்கள் வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று எங்கள் வவுனியா.

அந்த பஸ்ஸில் வந்த ஒரு பெரியவரை நாலு வருடம் கழித்துச் சந்தித்தேன். (இங்கே வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கண்ணில் ஒப்பரேஷன் செய்யப் போயிருந்தவர். திகதி குறித்த துண்டை சட்டைப் பையில் வைத்தபடியே வவுனியாவில் இறங்கியிருக்கிறார், அந்தத் துண்டை இன்னும் வைத்திருந்தார். பேச்சோடு பேச்சாக, அடுத்த நாளே கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும், அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்ததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, தம்பி" என்றார். பஸ் அவரைத் தேடி வந்தது. நீதிமன்ற உத்தரவு பத்திரிகையோடு நின்றுவிட்டது. அது அவருக்கு நேரே வந்து சேர்ந்திருந்தால், அந்தத் துண்டைக் கொடுத்த ஆஸ்பத்திரியே ஒரு கடிதம் போட்டு வேறொரு திகதி கொடுத்திருந்தால், அவர் நாட்டைப் பார்க்கிற பார்வை கொஞ்சமாவது மாறியிருக்கும் என்று நான் நம்புகிறேன். நம்புகிறேன், அவ்வளவுதான்.

ஒரே அடி எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்குவதில்லை என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். 1977இல் லயம் எரிந்த இரவு அப்பா தோட்டத்து லொறிக்காரர் ஒருவரோடு ரவுணுக்குப் போயிருந்தார். அவர் சிங்களவர். அப்பாவை இரண்டு நாள் தன் வீட்டுக் குசினிக்குப் பின்னால் வைத்திருந்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இரவு முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். எனக்கு நினைவிருப்பது ஈர மண்ணும், என் வாயைப் பொத்தியிருந்த அம்மாவின் கையில் இருந்த வெங்காய மணமும்தான். பிறகு வன்னியில், வீட்டு வாசலுக்கு வரும் சிங்களச் சட்டி பானை வியாபாரியோடு அப்பா மணிக்கணக்காகச் சிங்களத்தில் கதைப்பார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரே கலவரத்தில் ஒரே லயத்தை இழந்த இரண்டு பேர். அந்த இரவில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம் என்று பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. அம்மா கலவரத்துக்கு முன்னாலேயே பயந்த சுபாவம், அப்பா யாரோடும் கதைக்கிற ஆள்.

ஆனால் என்னை வன்னியில் முதன்முதலில் அழ வைத்த சொல் சிங்களச் சொல் அல்ல. பள்ளிக்கூடத்தில் "அப்புறம்" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. இங்கே "பிறகு" என்பார்கள். "தோட்டக்காட்டான் அப்புறமாம்" என்று ஒருவன் சொல்ல, ஆசிரியரும் சிரித்தார். ("அப்புறம்" என்ற சொல்லை நான் விடவில்லை, இந்தப் பதிலிலும் அது வந்திருக்கிறது.) 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, கலவரங்களில் துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது பெரும்பாலும் மேட்டு நிலம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள் முன்பே வந்தவர்களிடம் இருந்தன. எங்கள் ஆட்கள் அந்த வயல்களில் கூலிக்குப் போனார்கள். பேரினவாதத்தால் வஞ்சிக்கப்பட்டோம் என்று மேடையில் பேசியவர் வீட்டில் எங்களுக்குத் தேநீர் வேறு கோப்பையில் வந்தது. இதை உங்கள் அப்பாவின் வலியைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அடிபட்டவனுக்கு அடுத்தவன் வலி தானாகவே தெரிந்துவிடும் என்று நாம் நினைப்பது உண்மையல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நாங்களும் திறம் அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே வசனம், "எங்களையுந்தான துரத்துனாங்க" என்பது. துரத்தப்பட்டவன் வாயிலிருந்து இரக்கமாக வந்திருக்க வேண்டிய வசனம், வாயை மூடுவதற்கு உதவியது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, நானும் வேறு எதுவும் சொல்லவில்லை. இன்னோர் இடம் சொல்கிறேன். நெடுங்கேணிக்கு அப்பால் டொலர் பண்ணை, கென்ட் பண்ணை என்று இரண்டு. 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த அகதிகளைக் காந்தியம் என்ற தொண்டு அமைப்பு அங்கே குடியேற்றியது. பிறகு அவர்களை வெளியேற்றிவிட்டுச் சிங்களக் கைதிகளையும் குடும்பங்களையும் கொண்டுவந்து அரசாங்கம் இருத்தியது. 1984 நவம்பர் 30ஆம் திகதி புலிகள் அங்கே புகுந்து அவர்களைக் கொன்றார்கள், பெண்களும் பிள்ளைகளும் அடக்கம். அங்கிருந்து விரட்டப்பட்ட மலையகப் பிள்ளைக்கும், அங்கே தப்பிப் பிழைத்த சிங்களப் பிள்ளைக்கும் அந்த ஒரே மண்தான் "அவங்கள் எல்லாரும் ஒண்டுதான்" என்று கற்றுக்கொடுத்திருக்கும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இரண்டு துண்டாகத்தான் வரும். உங்கள் அப்பாவின் அனுபவம், ஒரு முகவரியை வைத்து ஒருவனை அடிக்க முடிகிற ஏற்பாடு இந்த நாட்டில் இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. அதில் அவர் உங்களைவிடக் கூடத் தெரிந்தவர், பாடப்புத்தகம் படித்து அதை மறுக்க முடியாது. ஆனால் நாளை உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் உட்காரப்போகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சியே அல்ல. அப்பா இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் போட்டுச் சொல்கிறார். நீங்கள் இரண்டாவது பிழை என்று காட்டப் போய் முதலாவதையும் மறுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் சண்டை முடிவதில்லை. "அவர்களைப் பற்றி" அவரிடம் கேட்பதை விட்டு, அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் யார் யார் இருந்தார்கள், திரும்ப ஏறியபோது யாராவது ஏதாவது சொன்னார்களா, அன்று பின்னேரம் எங்கே போனார். என் அனுபவத்தில், பலருக்கு அறையைவிட அதற்குப் பிறகு பஸ் முழுக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதுதான் இன்னும் வலிக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அப்படியா என்று எனக்குத் தெரியாது. கேட்கும்போது அம்மாவும் வீட்டில் இருக்கட்டும், இரவு வேளையில் தொடங்க வேண்டாம். தூக்கம் கெடுகிறது, பழைய கனவு வருகிறது என்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒருதரம் கூட்டிப் போங்கள்.

அந்த வீட்டுக்கார அம்மாவிடம் திரும்பப் போய்க் கேட்கலாமா என்றும் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆய்வாளர்களும் வாடகை வீட்டுப் பாரபட்சத்தை இப்படித்தான் சோதிப்பார்கள். கொத்தமல்லி அவித்துத் தந்த சிநேகிதியை அதே நம்பருக்கு எடுத்து, அறை இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருக்கிறது என்று வந்தால் ஓரளவு தெரிந்துவிடும், போய்விட்டது என்றால் அதுவும் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள மனமில்லை என்றால் விடுங்கள், அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. எதற்கும் வேறு அறை தேடுவதை நிறுத்த வேண்டாம். ஒன்றாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.